பதினோராவது குற்றம்

இலக்கிய விமர்சனம் என்ற பெயரில் நான் இதுவரை எழுதியிருப்பதெல்லாம் நாவல்களைப் பற்றியும் சிறுகதைகளைப் பற்றியும்தான். இந்தத் தடவை, இலக்கியம் என்று யாரும் ஒப்புக்கொள்ளாத மூன்று வகை எழுத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்போடு கூடவே வருகிற கையேடு ஒன்று. அந்த லினக்ஸில் தேர்ச்சி பெற்றதாகச் சான்றிதழ் தரும் பரீட்சைகளுக்கென்று எழுதப்படுகிற பாடப்புத்தகம் இரண்டாவது. செயற்கை அறிவு எழுதித் தருகிற விடை மூன்றாவது. மூன்றும் உரைநடைதான். நம் நாவல்களை யாரும் படிக்காத சிரத்தையோடு இந்த மூன்றையும் இன்றைய இளைஞர்கள் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கப்படுகிற உரைநடையை விமர்சகன் கண்டுகொள்ளாமல் இருப்பது சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் இண்டர்மீடியட்டோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். கணக்கு எனக்கு எந்த நாளும் வந்ததில்லை. இரண்டே யோக்கியதைகள்தான் உண்டு. இருபது வருஷத்துக்கு மேலாக உரைநடை எழுதிப் பிழைக்கிறேன் என்பது ஒன்று. மேற்படி மூன்று வகை எழுத்தில் ஒன்றை நம்பி, மற்றொன்றைப் படிக்காமல் விட்டதனால், ஒரு நாவலின் பதினாறு அத்தியாயங்களை ஒரே நிமிஷத்தில் இழந்தவன் என்பது மற்றொன்று.

லினக்ஸைப் பற்றி அறியாத வாசகருக்கு இரண்டு வார்த்தை. 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது பெரிசாக வளரப் போவதில்லை என்றும் நாலு பேருக்கு அறிவித்தார். அவர் சொன்னது பொய்த்துவிட்டது. உங்கள் பையிலே ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் உட்கரு லினக்ஸ். உலகத்தின் மிக வேகமான ஐந்நூறு கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்று உண்டு. 2017 நவம்பர் முதல் அந்த ஐந்நூறுமே லினக்ஸில்தான் ஓடுகின்றன. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்ற நிபந்தனையோடு வெளியிடப்பட்டது அது. அதனால் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. நான் லினக்ஸுக்கு வந்ததற்குக் காரணம் இந்தக் கடைசிச் சங்கதிதான். என் பழைய லாப்டாப் புது விண்டோஸைத் தாங்காது என்று ஆனபோது, என் அக்காள் மகன் அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். அவன் என் வீட்டு மாடியறையில் தங்கி லினக்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்.

போன வருஷம் ஆடி மாதம். நாவல் பதினேழு அத்தியாயம் முடிந்திருந்தது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு தனி ஃபைல். எல்லாவற்றையும் 'நாவல்' என்ற பெயருள்ள ஒரு ஃபோல்டருக்குள் போட்டுவைக்க நினைத்தேன். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மாடியிலே ஒரு பையன் நாளெல்லாம் கட்டளைகளாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை பிறந்திருந்தது. பையன் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தான். ஒரு செயற்கை அறிவுச் சேவையிடம் தமிழிலேயே கேட்டேன். அது ஒரு வரிக் கட்டளையும், அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று இரண்டு பாரா விளக்கமும் கொடுத்து, என் நாவல் நல்லபடி நிறைவேற வாழ்த்தும் சொல்லிற்று. தட்டினேன். கண் இமைக்கிற நேரந்தான். பதினேழு ஃபைல்கள் இருந்த இடத்தில் 'நாவல்' என்று ஒன்றே ஒன்று இருந்தது. திறந்தேன். அதற்குள் பதினேழாவது அத்தியாயம் மட்டும் இருந்தது. என் கதாநாயகி ரெயிலேறிப் போகிற கட்டம் பத்திரமாக இருந்தது. அவள் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமானது, ரெயிலேற வேண்டி வந்த காரணம் எல்லாம் போய்விட்டன.

சாயங்காலம் பையன் வந்து பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து, விளக்கத்தின் முதல் வரியைக் காட்டினான். எம்வி என்ற கட்டளைக்கு வேலை இரண்டு. இரண்டாவதாகச் சொல்லும் பெயரில் ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால், ஃபைலை அதற்குள் கொண்டுபோய் வைக்கும். இல்லாவிட்டால், ஃபைலுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிடும். நான் 'நாவல்' என்ற ஃபோல்டரை உண்டாக்கவே இல்லை. எனக்குக் கிடைத்த கட்டளை அத்தியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. முதல் அத்தியாயம் 'நாவல்' என்று பெயர் பெற்றது. இரண்டாவது அதே பெயரைப் பெற்று, முதலாவதை அழித்தது. மூன்றாவது இரண்டாவதை அழித்தது. இப்படியே கடைசி வரை. இந்த இரண்டு வேலைகளையும் அந்த முதல் வரியிலேயே கையேடு சொல்லியிருந்தது. ஒன்றை அழிக்குமுன் உத்தரவு கேட்கச் செய்வதற்கும், இலக்கு ஃபோல்டர்தானா என்று பார்த்துக்கொள்ளச் செய்வதற்கும் வழி இருப்பதைச் சற்றுக் கீழே சொல்லியிருந்தது. அதிகம் போனால் ஒரு நிமிஷப் படிப்பு.

ஒன்பது அத்தியாயங்கள், சிநேகிதர் ஒருவருக்குப் படிக்கக் கொடுத்திருந்த அச்சுப் பிரதியிலிருந்து திரும்பி வந்தன. மற்ற ஏழையும் மறுபடி எழுதினேன். பிரதி எடுத்து வைக்காதது என் குற்றம். புரியாத ஒரு வரியைத் தட்டியதும் என் குற்றம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத்தில் இருந்த குற்றம் என்று ஒன்று உண்டல்லவா? அது என்ன வகைக் குற்றம் என்று ஆராய்வது விமர்சகன் வேலை.

நூலுக்கு வரும் குற்றங்களை நம் பவணந்தி முனிவர் பத்தாக வகுத்து வைத்திருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்று தொடங்குகிற அந்தப் பட்டியலைப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டவர்களில் நானும் ஒருவன். நன்னூல் தோன்றி எண்ணூறு வருஷம் ஆகியிருக்கும். எந்தப் புத்தகத்தையும் எடைபோட அந்தப் பட்டியலைவிடக் கைக்கடக்கமான தராசு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்தத் தராசில் இந்த மூன்றையும் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கையேடு. இதன் மரபு லினக்ஸுக்கு இருபது வருஷம் முந்தியது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். அதற்கு அவர்கள் எழுதிய முதல் கையேடு 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்ந்து பார்க்க வேண்டியவை என்று வரிசையான தலைப்புகள். லினக்ஸ் அந்த அமைப்பின் வாரிசு முறையில் வந்தது. கையேட்டின் உருவத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக மாறாமல் இருக்கிற ஓர் இலக்கிய உருவம் என்று இதைச் சொல்லலாம். சிறுகதைக்குக்கூட நம்மிடம் அந்தப் பாக்கியம் இல்லை.

கையேட்டின் குற்றம் குன்றக் கூறல். சமையல் தெரிந்தவளுக்கு எழுதிய சமையற்குறிப்பைப்போல், 'பதமாக இறக்கவும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பதம் எது என்று தெரியாதவன் பாடு திண்டாட்டம். உதாரணம் என்பது அநேக பக்கங்களில் மருந்துக்கும் கிடையாது. 'நான் சொல்வதைப் புரிந்துகொள்ள நீ ஏற்கெனவே தெரிந்தவனாக இருக்கவேண்டும்' என்ற கர்வம் அதில் இருக்கிறது. நம்முடைய சூத்திரங்களிலும் இந்தக் கர்வம் உண்டு. ஆனால் சூத்திரம் செய்தவர்கள் உரையாசிரியர் ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தார்கள், உரையாசிரியர்களும் வந்தார்கள். லினக்ஸுக்கும் அப்படிச் சிலர் வராமல் இல்லை. மைக்கேல் கெரிஸ்க் என்பவர் 2004-இல் இந்தக் கையேட்டின் ஒரு பெரும் பகுதியைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்று, நெடுங்காலம் அதைச் செப்பனிட்டு வந்தார். அந்த அறிவையெல்லாம் திரட்டி 2010-இல் ஆயிரத்தைந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம் ஒன்றையும் எழுதினார். தமிழில் து. நித்யா 'எளிய தமிழில்' என்ற வரிசையில் குனு லினக்ஸைப் பற்றி எழுதியதை இலவச மின்னூலாகப் படிக்கலாம். எனக்கு அடிப்படை புரிந்தது அதிலேதான். என்னைப்போல் இண்டர்மீடியட் இங்கிலீஷோடு நிற்கிறவர்களுக்கு உரையாசிரியர் எவ்வளவு முக்கியம் என்பது அதைப் படித்தால் தெரியும்.

கையேட்டின் பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. 1971 கையேட்டிலேயே பக்கத்தின் முடிவில் ஒரு தலைப்பு வரும். அதன் பெயர் 'பிழைகள்'. இந்தக் கட்டளை இன்ன சந்தர்ப்பத்தில் தவறாக நடக்கும், இன்னதைச் செய்யாது, இன்னது எங்களுக்கே திருப்தியாக இல்லை என்று, அதை எழுதியவர்களே எழுதிவைத்திருப்பார்கள். இன்றும் லினக்ஸ் கையேட்டில் எத்தனையோ பக்கங்கள் இந்தத் தலைப்போடு முடிகின்றன. நம் காவியங்களில் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுவது வழக்கம். அதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். கவி தன்னை எளியவன் என்று சொல்லிக்கொள்கிறாரே, எந்தப் பாட்டில் எந்த இடம் பலவீனம் என்று சொன்னாரா? சொல்லமாட்டார். அது மரியாதை, தகவல் அல்ல. கையேட்டின் பிழைப் பகுதியில் மரியாதை இல்லை, தகவல் இருக்கிறது. தனக்குத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே கோடு கிழித்துக் காட்டுகிற உரைநடை அது. அப்படி எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். நாவலாசிரியர்களில் எத்தனை பேருக்கு அது உண்டு என்று நான் கேட்கப்போவதில்லை. என்னையும் சேர்த்துக்கொள்ளவேண்டி வரும்.

அடுத்தது பரீட்சைப் புத்தகம். இதைப் பரிகசிப்பது சுலபம். அதனாலேயே நிதானமாகப் பேசவேண்டும். லினக்ஸ் பரீட்சைகளில் பெரும்பாலும் இரண்டு ஜாதி. எல்பிஐ என்ற அமைப்பு நடத்தும் முதற்படித் தேர்வு ஒரு ஜாதி. அதில் இரண்டு பரீட்சைகள். ஒவ்வொன்றிலும் தொண்ணூறு நிமிஷத்தில் அறுபது கேள்விகள். கொடுத்திருக்கிற விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கவேண்டும், சிலவற்றில் கோடிட்ட இடத்தை நிரப்பவேண்டும். ரெட் ஹேட் கம்பெனி நடத்துவது மற்றொரு ஜாதி. அங்கே கேள்வித்தாளே கிடையாது என்று சொல்லலாம். ஒரு கம்ப்யூட்டரை முன்னால் வைத்து, இன்னின்னதைச் செய்து முடி என்று சொல்லிவிடுவார்கள். இண்டர்நெட் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டரோடு வருகிற கையேட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்! நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி எழுப்புவார்கள். அதற்குப் பிறகும் நிலைத்து நிற்கிற வேலைக்குத்தான் மார்க். முந்நூறுக்கு இருநூற்றுப் பத்து எடுத்தால் தேர்ச்சி. ஒருவனுடைய அறிவைச் சோதிக்க இதைவிட நியாயமான பரீட்சையை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகும் நிற்கிற அறிவுதானே அறிவு?

பரீட்சை நல்லதாக இருந்தும் அதற்கென்று எழுதப்படும் புத்தகங்கள் அவ்வளவு நல்லவையாக இல்லை. பையன் மேஜையில் இருந்த நாலைந்தை ஒரு மாதம் படித்துப் பார்த்தேன். பவணந்தியார் கணக்கில் இவற்றின் குற்றம் கூறியது கூறல். சில இடங்களில் மற்றொன்று விரித்தல். ஆனால் உண்மையான குறை இந்த இரண்டும் அல்ல. ஒவ்வொரு விஷயத்தையும் 'இது பரீட்சையில் வருமா' என்ற ஒரே கேள்வியின் ஜன்னல் வழியாகவே பார்க்கிறார்கள். பள்ளிக்கூட நாளில் தமிழ்ப் பாடத்துக்கு நோட்ஸ் வாங்கிப் படித்தவர்களுக்கு இந்த உரைநடை நன்றாகப் பழக்கமானது. கவிதையின் நயத்தை இரண்டு மார்க் அளவுக்கும் ஐந்து மார்க் அளவுக்கும் தனித்தனியாக அளந்து கொடுத்த அந்த நோட்ஸைப் படித்துத்தான் நம்மில் பல பேர் கவிதையை வெறுத்தோம். இதற்கும் கீழே ஒரு படி உண்டு. பரீட்சையில் வந்த கேள்விகளையே திருட்டுத்தனமாகத் திரட்டி விடையோடு விற்கிறார்கள். 'டம்ப்' என்று அதற்குப் பெயர். அது புத்தகம் அல்ல. அதை விமர்சிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இந்தப் படிப்பில் இன்னொரு துக்கம் இருக்கிறது. "படிச்சு முடிக்கிறதுக்குள்ளே அடுத்தது வந்துடுது மாமா" என்று பையன் ஒரு நாள் சொன்னான். அவன் சொன்னது மிகையல்ல. லினக்ஸின் உட்கரு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு தடவை புது வடிவம் எடுக்கிறது. கம்ப்யூட்டரை எழுப்பிச் சேவைகளை ஓட்டிவைக்கும் பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக, 2010-இல் சிஸ்டம்டி என்ற ஒன்று வந்தது. அது வேண்டும், வேண்டாம் என்று பெரிய சண்டையே நடந்தது. டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸ் வகை 2015-இல் வெளியிட்ட பதிப்பில் அதற்கு மாறியது. பழைய ஏற்பாட்டில் பத்து வருஷம் ஊறியவர்கள் ஒரு நாள் காலையில் மறுபடியும் அரிச்சுவடி படிக்க உட்கார்ந்தார்கள். 2020 டிசம்பரில், 2029 வரை பராமரிப்பு இருக்கும் என்று பலர் நம்பியிருந்த சென்டோஸ் 8 என்ற பதிப்பு, 2021 முடிவோடு நின்றுவிடும் என்று அறிவித்தார்கள். அதை நம்பிப் பாடம் நடத்தியவர்கள், படித்தவர்கள், கம்பெனி நடத்தியவர்கள் எல்லாரும் வேறு இடம் தேடினார்கள். ரெட் ஹேட் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருஷம். எல்பிஐ சான்றிதழுக்கு ஐந்து வருஷம். வேதாந்தமாகப் பார்த்தால் இது யோக்கியமான ஏற்பாடு. நம்முடைய பட்டங்களுக்கும் விருதுகளுக்கும் இப்படி ஒரு காலாவதித் தேதி இருந்தால் தமிழ் இலக்கிய உலகில் எவ்வளவோ நிம்மதி பிறக்கும்!

ஆனால் பையனுக்கு நான் வேறொரு பதில் சொன்னேன். என் பதினாறு அத்தியாயங்களை விழுங்கியது புதிய கட்டளை அல்ல. எம்வி என்பது 1971-இன் முதல் கையேட்டிலேயே இருக்கிறது. ஃபைல்களை வரிசையாகக் காட்டுவதும், பிரதி எடுப்பதும், அழிப்பதும் அப்படியே. ஐம்பது வருஷமாக மாறாதது ஒரு பங்கு, பத்து வருஷத்தில் மாறுவது ஒரு பங்கு, பத்து வாரத்தில் மாறுவது ஒரு பங்கு. எது ஆறு, எது கரை என்று தெரிந்துகொண்டவன் வெள்ளத்தைக் கண்டு மிரளமாட்டான். பரீட்சைப் புத்தகம் இந்த மூன்றையும் ஒரே எழுத்தில், ஒரே அழுத்தத்தில் அச்சடிக்கிறது. அதன் மீது எனக்குள்ள பிரதான புகார் அதுதான்.

இனி மூன்றாவது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது. அதன்பின் அதைப்போல் பலவும் வந்துவிட்டன. இந்த வகை எழுத்தின் சிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பொறுமை அபாரம். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. லினக்ஸ் உலகத்துப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டால், 'கையேட்டைப் படி' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவது பழைய வழக்கம். அந்த அவமானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் இன்று தைரியமாகக் கேட்கிறார்கள். அதிலும் தமிழில் கேட்கிறார்கள். கையேட்டில் குன்றக் கூறியதை இது விரித்துச் சொல்கிறது. உரையாசிரியர் ஸ்தானத்துக்கு வரவேண்டிய சரக்கு இதனிடம் இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் இதன் குற்றம் என்ன என்று தேடிப் பட்டியலைப் புரட்டினபோது நான் திகைத்துப்போனேன். மிகைபடக் கூறல் கொஞ்சம் உண்டு. வெற்றெனத் தொடுத்தல் சில சமயம் உண்டு. என் அத்தியாயங்களை அழித்த குற்றம் இவற்றில் எதுவும் அல்ல. அது எனக்குக் கொடுத்த விளக்கம் தெளிவானது, ஒழுங்கானது, வாக்கியத்தில் ஒரு பிசிறு இல்லை. 'அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, நீ பார்த்துக்கொள்' என்ற ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. தெரிந்ததைச் சொல்லும்போது அதற்கு என்ன குரலோ, தெரியாததைச் சொல்லும்போதும் அதே குரல். படித்துக் குவித்த கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து, அடுத்து வரத்தக்க வார்த்தை எது என்று கணித்துக் கணித்து எழுதுகிறது அது. வரத்தக்க வார்த்தை பெரும்பாலும் உண்மையாகவும் இருந்துவிடுகிறது. இல்லாதபோதும் வாக்கியத்தின் முகத்தில் ஒரு மாறுதலும் தெரிவதில்லை.

தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறல். இந்தக் குற்றம் பவணந்தியாரின் பத்தில் இல்லை. ஏன் இல்லை? நூல் செய்ய உட்காருகிறவன் விஷயம் தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலும். தெரிந்தவன் சொல்லுகிற முறையில் வரக்கூடிய கோளாறுகளே அந்தப் பத்தும். மனிதர்களிலும் தெரியாமல் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்குக் குரல் கம்மும், சொல் தடுமாறும், சத்தம் கொஞ்சம் கூடும். நாம் கண்டுபிடித்துவிடுவோம். தடுமாறாமலே தவறுகிற உரைநடை நமக்குப் புதிது. ஆகவே இதைப் பதினோராவது குற்றமாகச் சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி.

நான் மட்டும் பயந்துபோய்ச் சொல்லவில்லை. சாட்ஜிபிடி வந்து ஒரு வாரம் ஆகுமுன்பே, 2022 டிசம்பரில், புரோகிராம் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அது எழுதிய விடைகளை அங்கே போடக்கூடாது என்று தடை விதித்தது. விடைகள் சரியானவைபோலத் தோன்றுவதும், பல சமயம் தவறாக இருப்பதும்தான் சொல்லப்பட்ட காரணம். ஜென்டூ என்ற லினக்ஸ் வகையைப் பராமரிப்பவர்கள் 2024 ஏப்ரலில், செயற்கை அறிவின் துணையோடு எழுதிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். பையன் அதைப் பயன்படுத்துகிற முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கையேட்டின் பக்கத்தை முதலில் படிக்கிறான். புரியாத இடத்தை அதனிடம் கேட்கிறான். கிடைத்த விடையோடு மறுபடியும் கையேட்டுக்குத் திரும்புகிறான். அழிந்தால் நஷ்டம் இல்லாத ஒரு ஃபோல்டரில் சோதித்துப் பார்க்கிறான். உரையை மட்டும் படித்து மூலத்தை விட்டவன் புலவனாக மாட்டான் என்பது நம் பழைய வாத்தியார்கள் சொன்னதுதான்.

இந்தப் பையன்களுக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்ற கவலை வேறு இருக்கிறது. என் அக்காள் போன் செய்கிறபோதெல்லாம் கேட்பது அதுதான். ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் 2024-இல் நடந்த ஒரு விஷயத்தை அவளுக்குச் சொன்னேன்.

எக்ஸ்இசட் என்று ஒரு சிறு கருவி. ஃபைல்களைச் சுருக்கிக் கட்டுகிற வேலை அதற்கு. உலகம் பூராவும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது. அதைச் சம்பளம் இல்லாமல் ஒருவர் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒரு பேர்வழி உதவிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். பராமரிக்கும் அதிகாரமும் கைக்கு வந்தது. 2024 தொடக்கத்தில் இரண்டு பதிப்புகளில் ஒரு கள்ளச் சாவியை ஒளித்து வைத்தார். அது பரவியிருந்தால் எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்குள் அவர் இஷ்டப்படி நுழைந்திருக்க முடியும். இன்றுவரை அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று வெளியாகவில்லை. இப்படி ஒரு பாத்திரத்தை நாவலில் படைத்தால், நம்பத்தகுந்ததாக இல்லை என்று நானே எழுதியிருப்பேன்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட். டேட்டாபேஸ் வேலை செய்கிறவர். கம்ப்யூட்டர் பந்தோபஸ்து அவருடைய துறை அல்ல. வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச் என்ற வாசல் வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாகத் திறப்பதைக் கவனித்தார். அரை வினாடி! இருக்கட்டும் என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போய், மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு அந்தப் பதிப்புகள் போய்ச் சேருமுன்பே தடுத்துவிட முடிந்தது.

அந்த அரை வினாடியை எந்தப் பரீட்சையும் கேட்காது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. ஒரு வேலையை ஆயிரம் தடவை தன் கையால் செய்தவனுக்குத்தான் ஆயிரத்தோராவது தடவை ஏதோ சரியாக இல்லை என்று தோன்றும். நான் பத்திரிகை ஆபீசில் புரூப் திருத்துகிறவனாகத்தான் தொழிலுக்கு வந்தேன். பிறர் வாக்கியங்களில் ஒற்றெழுத்துத் தேடித் தேடி மூன்று வருஷம் போயிற்று. அப்போது அதைச் சிறுமையாக நினைத்தேன். வாக்கியத்தில் எந்த இடம் நொண்டுகிறது என்று காது சொல்வது அந்த மூன்று வருஷத்தின் சம்பாத்தியம் என்று பின்னால்தான் தெரிந்தது. லினக்ஸ் உலகத்திலும் புதிதாகச் சேரும் பையன்களுக்குக் கொடுப்பது அந்த மாதிரி எடுபிடி வேலைதான். ராத்திரி கண் விழித்துப் பதிவேடுகளைப் பார்ப்பது, பிரதி எடுத்து வைப்பது, நின்றுபோன சேவையை மறுபடி ஓடவிடுவது. செயற்கை அறிவு முதலில் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலையும் இதுவே. அந்த வேலை போவதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அந்த வேலையில் விளைகிற கவனம் வேறு எங்கே விளையும் என்பதற்கு யாரும் எனக்குத் திருப்தியான பதில் சொல்லவில்லை. நாற்று விடாமல் அறுவடைக்குக் காத்திருக்க முடியாது.

பையன் ரெட் ஹேட் பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை. எழுதிய ஒரு வரியில் ஒரு சிறு தவறு. அணைத்து எழுப்பினபோது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தான். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தான் கற்ற ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுத ஆரம்பித்திருக்கிறான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பிழைகள்' என்று தலைப்பிட்டு, தனக்கு அதில் எது இன்னும் விளங்கவில்லை என்று குறித்து வைக்கிறான். சான்றிதழ் வருகிறதோ இல்லையோ, அந்த நோட்டை எழுதுகிறவன் படித்தவன்தான் என்று நான் அவன் அம்மாவுக்கு உறுதி சொல்லியிருக்கிறேன்.

என் நாவலும் முடிந்து அச்சுக்குப் போயிருக்கிறது. மறுபடி எழுதிய ஏழு அத்தியாயங்களில் நான்காவதும் பதினொன்றாவதும் முதலில் எழுதியபோது இருந்த அளவுக்கு வரவில்லை. முன்னுரையில் அதைச் சொல்லியிருக்கிறேன். விற்பனைக்கு நல்லதல்ல என்று பதிப்பாளர் அபிப்பிராயப்பட்டார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அந்த வரிகளை எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.